முதல் ஓலைக்கு முந்தின நாள்

நாளைக் காலை ஏழு மணிப் பூசைக்கு இன்னும் சரியாக இருபது மணி நேரம் இருந்தது. அப்போதுதான் கோயில் ஆபீஸிலிருந்து போன் வந்தது.

ஜொவிட்டா கல்யாணப் பத்திரிகைகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். நூற்று அறுபத்து மூன்று முடிந்திருந்தது. அடுத்தது, கோபாலபுரத்தில் அவள் அறிவியல் டீச்சராக இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியைக்கு.

"ஜொவிட்டாமா? ஷெல்டன் பேசறேன். இன்னாமா இது, ஊரு பேருல குயப்பமா கீது?"

ஷெல்டன் அந்தக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் முப்பது வருடமாக இருக்கும் குமாஸ்தா. அவர் குழப்பம் என்றால் அது குழப்பம்தான்.

"என்ன சார் குழப்பம்?"

"உங்க நைனா ஃபார்ம்ல சொந்த ஊரு தங்கச்சிமடம்னு எய்திக்கிறாரு. நம்ம வயக்கம் இன்னா? பொண்ணோட சொந்த ஊருப் பங்குக்கும் ஓலை அனுப்பணும், அங்கயும் வாசிக்கணும். அனுப்பிச்சேன். அந்த ஊரு ஃபாதர் இப்பதான் போன் பண்ணாரு. 'இப்படி ஒரு குடும்பமே எங்க புக்குல இல்ல, மூணு தபா பொரட்டிட்டேன்'றாரு."

ஜொவிட்டா பேனாவை மூடி வைத்தாள்.

"இப்ப என்ன சார் பண்றது?"

"சாய்ங்காலம் ஆறு மணிக்குள்ள நைனாவ இட்டுக்கினு வா. கரெக்டான ஊரைச் சொன்னா எய்திக்கலாம். ஆறு மணிக்கு ஃபாதர் நாளைக்கு வாசிக்கிற பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடுவாரு. அதுல உன் பேரு இல்லேன்னா நாளைக்கு உனக்கு ஓலை இல்ல."

நாளைக்கு ஓலை இல்லையென்றால் என்ன ஆகும் என்று அவர் விளக்கவில்லை. கோயிலுக்குப் போகும் எவருக்கும் அந்தக் கணக்கு தெரியும். மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று பூசை முடிவில் மைக்கில் வாசிப்பார்கள். மூன்றாவது ஓலை இருபத்து மூன்றாம் தேதி. கல்யாணம் இருபத்தாறு, புதன்கிழமை. அதற்கடுத்த ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கிவிடும். அதன்பிறகு கிறிஸ்துமஸ் கழியும்வரை அந்தக் கோயிலில் தாலி ஏறாது.

ஒரு ஞாயிறு தவறினால் கல்யாணம் அடுத்த வருடம். அதற்குள் ஏன், எதற்கு என்று ஊர் கேட்கும். மாப்பிள்ளை நோயலின் அம்மா முதலில் கேட்பார்.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்கு நாலு வரி போதும். ஜொவிட்டாவின் அப்பா இக்னேஷியஸ் பெயிண்டர். பதினாறு வயதில், தொண்ணூறாம் வருடம், மன்னார்க் கடற்கரையிலிருந்து படகேறி வந்தவர். மண்டபம் அகதி முகாமில் ஐரினைக் கண்டார், மணந்தார், சென்னைக்கு வந்தார். சிலோன்காரர் என்றால் வீட்டுச் சாவியைத் தர மறுத்தார்கள். நான்காவது வீட்டு வாசலில் அவர், "ராமநாதபுரம் பக்கம், தங்கச்சிமடம்" என்றார். சாவி கிடைத்தது. அன்றிலிருந்து தங்கச்சிமடம்தான்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஜொவிட்டா பிறந்தபோதும் அதைத்தான் சொன்னார். பத்து வருடத்துக்கு முன் மந்தைவெளிக்கு மாறி வந்தபோதும் அதுதான். போலீஸ் பதிவு அட்டையில் உண்மை இருந்தது. கேட்ட இடத்தில் அட்டையைக் காட்டுவார். கேட்காத இடத்தில் தங்கச்சிமடம். அது அந்த வீட்டில் ரகசியமாக இல்லாமல் பழக்கமாகிவிட்டிருந்தது. ஓலை ஃபார்மில் 'சொந்த ஊர்' என்ற கட்டம் வந்ததும் கை தானாக எழுதிவிட்டது.

உண்மையான ஊரின் பெயர் வீட்டுக்குள்ளும் ஒலித்ததில்லை. அப்பா அதை 'ஊர்' என்பார். அம்மா, 'கொப்பர்ட ஊர்', உன் அப்பாவுடைய ஊர், என்பாள். பன்னிரண்டு வயதில், டிரங்குப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த ஞானஸ்நானச் சான்றிதழில் ஜொவிட்டா அதை ஒருமுறை படித்திருக்கிறாள். அப்பா குரலில் கேட்டதில்லை.

சமையலறையில் ஐரின் சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னவாம் பிள்ளை? முகம் வெளுத்துப் போச்சு."

ஜொவிட்டா சொன்னாள். ஐரின் கையைக் கழுவித் துடைத்தாள். கோபப்படவில்லை. சிரித்தாள்.

"பார். சுவரில கோடு விழுந்தா மூண்டு கோட் அடிச்சு மறைக்கிற மனுசன், இதை மறைக்கத் தெரியாம மாட்டிட்டார்."

"சிரிக்காதேங்கோ அம்மா. நீங்கள் வந்து சொல்லலாம்தானே?"

"தகப்பன்ர ஊரைத்தானே கேட்டிருக்கு. தலைமன்னார் எண்டு நான் சத்தமாச் சொல்லுவன். ஆனா அது என்ர ஊர். கொப்பருக்கு ஏணி பயமில்லை, சாரம் பயமில்லை. அந்த ஒரு பேர்தான் தொண்டையில நிக்கும்."

"வீடு தர மாட்டாங்கள் எண்டுதானே சொல்லாம விட்டவர்? இப்ப என்ன?"

ஐரின் அவளை ஒருமுறை பார்த்தாள்.

"வீட்டுக்கு மட்டும் எண்டு நினைச்சியோ? போய் அவரையே கேள். நான் இருபத்தேழு வருசமாக் கேட்டுக் களைச்சுப்போனன்."

மாடிப்படி பதினான்கு. ஏழாவது படியில் ஜொவிட்டாவின் நாக்கு மாறும். மேலே 'ஓம்', கீழே 'ஆமா'. மேலே 'கதை', கீழே 'பேசு'. எல்.கே.ஜி.யில் ஒருநாள் அவள் தாகமெடுத்து, "தண்ணி விடாய்க்குது மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் கவுன் நனைந்திருக்கிறதா என்று மிஸ் தொட்டுப் பார்த்தார். சாயங்காலம் அழுதுகொண்டே வந்தவளிடம் அப்பா சொன்னார். "வெளியில அவையள் மாதிரிக் கதை. வீட்டில எங்கட மாதிரிக் கதை. எனக்கு வேலைச் சட்டை ஒண்டு, பூசைச் சட்டை ஒண்டு இருக்குத்தானே? அது மாதிரி."

இருபது வருடமாக அவள் சட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறாள். பொத்தான் மாற்றிப் போட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்பாவைப் பார்க்க ஆட்டோவில் ஏறியதும் நோயலுக்குப் போன் போட்டாள். நோயலுக்கு எல்லாம் தெரியும். பெசன்ட் நகர் கடற்கரையில் ஆறு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டாள். அவன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கமா?" என்று கை நீட்டினான். "அது கிழக்கு. தெற்கே காட்டு" என்றாள். சிரித்தார்கள். அம்மாவிடம் நானே சொல்கிறேன் என்று அவன் ஏற்றுக்கொண்டான்.

"இன்னிக்கு நைட்டு அம்மாகிட்ட கண்டிப்பா சொல்லிடறேன் ஜோவி."

"ஆறு வாரமா தினமும் இன்னிக்கு நைட்டுதான் நோயல்."

"உனக்குத் தெரியாது. அம்மா முப்பத்தெட்டு வருஷம் டீச்சர். நான் வாயத் தொறந்தா, 'முதல்ல நேரா நில்லு'ன்னுவாங்க."

"நானும் டீச்சர்தான். நேரா நின்னு சொல்லு."

"வேர் தெரியாத சம்பந்தம் எங்க வீட்ல கிடையாதுன்னு போன வாரம்கூட சித்திகிட்ட சொல்லிட்டிருந்தாங்க. அதான்..."

ஜொவிட்டா போனை வைத்தாள்.

கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களா. மாமரம், போர்ட்டிகோ, மூடிய ஜன்னல்கள். முன் ஹாலில் இக்னேஷியஸ் ஏணியின் நாலாவது படியில் நின்று பட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். உப்புத்தாள் சுவரில் போய் வரும் சத்தம் மட்டும் கேட்டது. புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெள்ளை.

"என்ன பிள்ளை, வேலைத்தலத்துக்கு வந்து நிக்கிறாய்?"

ஜொவிட்டா சொன்னாள். அவர் இறங்கவில்லை. உப்புத்தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கினார்.

"நான் அப்பிடியோ எழுதினனான்?"

"ஓம்."

"தெரிஞ்சு எழுதேல்லை. கை எழுதிப்போட்டுது."

"தெரியும் அப்பா. இப்ப சரியான ஊரைச் சொன்னாப் போதுமாம். ஷெல்டன் சார் அந்தப் பங்குக்கு ஓலை அனுப்பிடுவார்."

அவர் கை நின்றது.

"அங்கயும் வாசிப்பினமோ?"

"வாசிப்பினம். அதுதானே வழக்கம்."

இப்போது அவர் இறங்கினார். கடைசிப் படியிலேயே உட்கார்ந்தார். தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து குடிக்காமல் மூடினார்.

"உனக்குப் பெரியப்பா ஒருத்தர் இருக்கிறார். தெரியும்தானே?"

"தெரியும். கதைக்கிறதில்லை எண்டும் தெரியும்."

"நான் படகு ஏறின அண்டைக்கு கரையில நிண்டவர். ஊரை விட்டுட்டு ஓடாத, நிண்டா எல்லாரும் நிப்பம் எண்டார். நான் ஏறிட்டன். பதினாறு வயசு, பயம். அப்ப சொன்னார், 'போறவன் போ. ஆனா இந்த ஊரான் எண்டு எங்கயும் போய்ச் சொல்லாத' எண்டு."

அவர் பாட்டில் மூடியை இன்னும் இறுக்கினார்.

"வீட்டுக்காரங்களுக்குச் சொன்ன பொய் லேசாத்தான் வந்தது பிள்ளை. எனக்கு அந்தப் பேரைச் சொல்ல உரிமை இல்லைதானே."

"அப்பா, அது முப்பத்தஞ்சு வருசம்."

"ஓம். எண்ணித்தான் வச்சிருக்கிறன்."

வெளியே யாரோ காரை ரிவர்ஸ் எடுத்தார்கள். அது முடிந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப அந்தக் கோயில்ல என்ர பேர் வாசிச்சா, முதல் வரிசை வாங்கில இருக்கிறவர் அண்ணன்தான். அவர் எழும்பி, இவன் எங்கட ஊர் இல்லை எண்டு சொல்லலாம். சொன்னா உன்ர கலியாணம் நிண்டு போகும். தங்கச்சிமடத்தில வாசிச்சிருந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

"அங்க நம்மட பேரே இல்லை அப்பா."

"அதுதான்," என்றார். பின்பு எழுந்து உப்புத்தாளை விரித்தார். "அஞ்சரைக்குக் கோயிலடிக்கு வாறன். நீ போ. தூசி உன்ர தலையில படும்."

என்ன சொல்லப்போகிறார் என்று அவர் சொல்லவில்லை. கேட்டு வாங்குகிற பதில் இல்லை அது.

ஐந்து இருபதுக்கு ஜொவிட்டா கோயில் ஆபீஸுக்குப் போனபோது, அங்கே டீனா டீச்சர் உட்கார்ந்திருந்தார். நோயலின் அம்மா. ஜொவிட்டா அதை மறந்தே போயிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மறுநாள் பூசையில் வாசகம் வாசிப்பவர்களின் பட்டியலை டீச்சர்தான் தயார் செய்வார்.

"வா ஜொவிட்டா. ஷெல்டன் எல்லாம் சொன்னார். என்ன கூத்து இது?"

ஷெல்டன் தன் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து, 'நான் என்ன பண்ண' என்பதுபோல் கையை விரித்தார். டீச்சர் எதிரில் அவருடைய பேச்சுகூட இஸ்திரி போட்டதுபோல ஆகிவிடும்.

"டீச்சர் கேட்டாங்க, சொல்லிட்டேன்மா."

"நாங்க இந்தப் பங்குல எத்தனை தலைமுறை தெரியுமா? பழைய புத்தகத்தை எடுத்தா, மூணாம் பக்கத்துல என் மாமனாரோட தாத்தாவுக்குத் தாத்தா ஞானஸ்நானம் இருக்கு. எங்களை யாராவது, 'உங்க பேரு புக்குல இல்ல'ன்னு சொல்லியிருந்தா விடுவோமா? உங்கப்பாவை ஒரு ஃபாதர் அப்படிச் சொல்லலாமா? பக்கம் ஒட்டியிருக்கும். சரியாப் பார்த்திருக்க மாட்டார்."

டீச்சர் கோபமாக இருந்தார். இக்னேஷியஸுக்காகக் கோபமாக இருந்தார். அது ஜொவிட்டாவுக்கு எந்தத் திட்டையும்விடக் கனமாக இருந்தது.

ஜன்னல் வழியாகக் கோபுரம் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் யூபிலி விழாவுக்கு அதற்கு வெள்ளை அடித்தது அப்பாதான். நாற்பத்தொரு நாள் சாரத்தின் மேலே. கூலி வாங்க மாட்டேன் என்றார். அப்போது இதே டீனா டீச்சர் கீழே நின்று, "இவ்வளவு வெள்ளையா ஒரு வெள்ளையை நான் பார்த்ததில்ல" என்றார். நோயலும் ஜொவிட்டாவும் முதன்முதலில் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

ஐந்து நாற்பதுக்கு இக்னேஷியஸ் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார்.

வேலைச் சட்டையோடு வந்திருந்தார். கோயில் வளாகத்துக்குள் அவரை அந்தச் சட்டையில், சாரத்தின் மேல் தவிர, ஜொவிட்டா பார்த்ததே இல்லை. மீசையில் வெள்ளைத் தூசி அப்படியே இருந்தது.

"உட்காருங்க சம்பந்தி," என்றார் டீச்சர்.

"இருக்கட்டும் டீச்சர். நாற்காலியில தூசி ஒட்டும்."

"ஒட்டட்டும். நீங்க கவலைப்படாதீங்க. இது ஒரு விஷயமே இல்ல." டீச்சர் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "அந்த ஃபாதர் நம்பர் ஷெல்டன்கிட்ட இருக்கு. நான் பேசறேன். இக்னேஷியஸ் குடும்பத்தை எனக்குத் தெரியும், அவங்க உங்க ஊர்க்காரங்கதான், நான் சொல்றேன், வாசிங்கன்னு சொல்றேன். என் வார்த்தைக்கு மேல என்ன சர்டிபிகேட்?"

ஷெல்டன் முகம் தெளிந்தது. "டீச்சர் சொன்னா ஃபாதர் ஒத்துக்குவாருங்க. நானும் அப்படியே விட்டுடறேன். கையெழுத்து மட்டும் பாக்கி."

அவ்வளவுதான். ஒரு போன். நாளை முதல் ஓலை, இருபத்தாறாம் தேதி கல்யாணம். கடலுக்கு அந்தப்புறம் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. இன்றைக்கு இந்த அறையில் யாரும் வாய் திறக்காமல் இருந்தால் போதும். ஜொவிட்டா அதில் இருபது வருடம் தேறியவள்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்த ஆரம்பித்தார்.

"வேணாம் டீச்சர்," என்றார் இக்னேஷியஸ்.

"சங்கடப்படாதீங்க. இதுல என்ன இருக்கு?"

"இல்ல டீச்சர். கோயில் விஷயம். நீங்க எனக்காகப் பொய் சொல்லக் கூடாது."

டீச்சரின் விரல் நின்றது. ஷெல்டன் ஒருமுறை இருமினார்.

"பொய்யா?"

"அந்த ஃபாதர் சரியாத்தான் பார்த்திருக்கார். அங்க எங்க பேரு இல்ல." அவர் நிதானமாக, ஏணியில் படி பார்த்து வைப்பதுபோல் பேசினார். "ஆனா எங்களுக்கும் பதிவு இருக்கு டீச்சர். ஞானஸ்நானப் புத்தகம் ஏழு. நூற்றுப் பதினெட்டாம் பக்கம், மேலேர்ந்து நாலாவது பேரு. எங்கப்பா பேரு அஞ்சாம் புத்தகத்துல இருக்கு. தாத்தா பேரு ரெண்டாம் புத்தகத்துல. அதுக்கு முந்தின புத்தகத்தைக் கரையான் தின்னுடுச்சு."

ஜொவிட்டா அவரையே பார்த்தாள். அந்தச் சான்றிதழை அவள் ஒருமுறைதான் எடுத்துப் பார்த்தாள். அவர் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார். முப்பத்தைந்து வருடமாக.

டீச்சர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது.

"எந்தக் கோயில் புத்தகம்? எந்த ஊர்?"

கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்திரண்டு.

இக்னேஷியஸ் வாயைத் திறந்தார். "தங்..." என்று வந்தது. பழக்கம். மூடிக்கொண்டார். கையால் மீசையைத் துடைத்தார். தூசி இன்னும் பரவியது. அவர் மகளைப் பார்த்தார்.

வேர் தெரியாத சம்பந்தம் என்று சொன்னவர் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இனி என்ன ஆகும் என்று ஜொவிட்டாவுக்குத் தெரியாது. இருபத்தாறாம் தேதி இருக்குமா, தெரியாது. அம்மாவிடம் சொல்லாத நோயலை என்ன செய்வது, அதுவும் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. புத்தகத்தில் மூன்று தலைமுறைப் பெயர் உள்ள ஒரு மனிதர் அவள் முன்னால் பெயிண்ட் சட்டையோடு நிற்கிறார். அவர் அவளுடைய அப்பா.

அவள் நேராக நின்றாள். மாடிப்படிக்குக் கீழே ஒருநாளும் கொண்டுவராத குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"சொல்லுங்கோ, அப்பா."

டீச்சர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். ஷெல்டன் பேனாவைத் திறந்து, ஃபார்மில் பழைய பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"மெதுவா சொல்லுங்க நைனா. எய்துறேன்."

இக்னேஷியஸ் முதுகை நிமிர்த்தினார். கோபுர உச்சியில் கடைசிக் கோட் அடித்த அன்று நின்றதுபோல் நின்றார்.

"ஓம்," என்றார். "வங்காலை. மன்னார் மறைமாவட்டம், இலங்கை. நான் வங்காலையான்."